ரீல்ஸில் பார்த்த கல்லூரிக்குப் பணம் கட்டும் முன்: பொறியியல் சேர்க்கைக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு உங்கள் வீட்டு இன்ஸ்டாகிராம் மாறிவிடும். அதுவரை சமையலும் கிரிக்கெட்டுமாக ஓடிய இடத்தில் ட்ரோனில் எடுத்த கட்டடங்கள், கோட் போட்ட மாணவர்கள், ‘அட்மிஷன் ஓப்பன்’, ‘சில சீட்டுகளே உள்ளன’. அப்புறம் அப்பாவின் போன் அடிக்க ஆரம்பிக்கும். என் தங்கையின் சேர்க்கை வேலை முழுவதையும் நான்தான் பார்த்தேன். எந்தப் பக்கத்தை நம்புவது, யாருக்கு நம்பர் கொடுப்பது என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லாமல் திண்டாடிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளர முறையில், அதாவது டிஎன்இஏ கவுன்சிலிங் வழியாக பி.இ., பி.டெக். சேர நினைப்பவர்களுக்கானது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதில் வராது. அவற்றின் சேர்க்கை தனி.

சுருக்கமாக என் கட்சி இதுதான்: சமூக ஊடகத்தைத் தகவல் சரிபார்க்க எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். ஆனால் கவுன்சிலிங்கில் சீட் உறுதியாகும்வரை ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழும் ஓடிபியும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

1. முதலில் போனைச் சரிசெய்யுங்கள் (ஏப்ரல்)

வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது சிம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளிடம் விசாரிக்க அந்த நம்பர். டிஎன்இஏ பதிவுக்கு வீட்டில் எப்போதும் ரீசார்ஜில் இருக்கும் இன்னொரு நம்பர். இரண்டையும் கலக்காதீர்கள். கவுன்சிலிங் சமயத்தில் வரும் ஓடிபியும் குறுஞ்செய்தியும் நூறு விளம்பரத்துக்கு நடுவே புதைந்துபோனால் கஷ்டம். மின்னஞ்சலும் புதிதாக ஒன்று தொடங்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, குரூப்ஸ் என்று போய் ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ‘சிஎஸ்இ அட்மிஷன் 3’ என்ற குழுவில் ஒருநாள் காலையில் கண்விழிப்பீர்கள். டெலிகிராமில் போன் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி வைக்கலாம், வையுங்கள். அங்கே இருக்கும் கட் ஆஃப் குழுக்களில் மாணவர்களைவிட ஏஜென்ட்டுகள் அதிகம் என்பது என் கணிப்பு.

2. விளம்பரத்தில் வரும் படிவத்தை நிரப்பாதீர்கள்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ‘அப்ளை நவ்’ என்பதைத் தட்டினால் ஒரு சின்னப் படிவம் திறக்கும். பாருங்கள், உங்கள் பெயர், மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உங்கள் கணக்கிலிருந்து அதுவே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பட்டனை அழுத்துவது மட்டும். அது விண்ணப்பமே அல்ல. விளம்பரம் கொடுத்தவர் கையில் உங்கள் நம்பர் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். கொடுத்தவர் கல்லூரியா, ஏஜென்ட்டா என்பது உங்களுக்குத் தெரியாது.

‘ஃபீஸ் விவரத்துக்கு கமென்டில் நம்பர் போடுங்கள்’ என்பதும் இதே ரகம். கமென்டில் போட்ட நம்பரைக் கல்லூரி மட்டுமா பார்க்கிறது? ஊரே பார்க்கிறது. மாணவர் பெயர், பள்ளி, மதிப்பெண், அப்பா நம்பர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் போலி ‘உதவித்தொகை’ அழைப்புக்கு அதுவே போதும்.

கல்லூரியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதன் இணையதளத்தில் இருக்கும் அலுவலகத் தொலைபேசிக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

3. அந்தப் பக்கம் யாருடையது?

கல்லூரிப் பெயரோடு ‘அட்மிஷன்’, ‘அஃபிஷியல்’, ‘2026’ என்று ஒட்டவைத்த கணக்குகள் ஏராளம். பார்த்தால் கல்லூரி முத்திரை, கல்லூரிப் புகைப்படம். நடத்துவது வேறு யாரோ. கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

இன்ஸ்டாகிராம் கணக்கின் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி ‘அபவுட் திஸ் அக்கவுண்ட்’ பாருங்கள். எப்போது தொடங்கிய கணக்கு, முன்பு எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்று பல கணக்குகளுக்குக் காட்டும். முப்பது வருடக் கல்லூரியின் ‘அஃபிஷியல்’ பக்கம் போன மார்ச்சில் பிறந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மெட்டா ஆட் லைப்ரரி என்று தேடிப் போய் அந்தப் பக்கத்தின் பெயரைப் போடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதன் விளம்பரங்கள் எல்லாம் தொடங்கிய தேதியோடு வரும். ஒரே பக்கம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கல்லூரிகளுக்கு விளம்பரம் செய்தால் அது ஏஜென்ட்.

மூன்றாவது, கவுன்சிலிங் கோட். டிஎன்இஏவில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி 1, கோவை பிஎஸ்ஜி டெக் 2006, மதுரை தியாகராசர் 5008. ஒரே பெயரில், ஒரே அறக்கட்டளையில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும் ஊர் நம்முடையது. பழைய கல்லூரியின் பெருமையைச் சொல்லி, பக்கத்தில் புதிதாகக் கட்டிய கல்லூரிக்குச் சீட் விற்பார்கள். “கோட் என்ன சார்?” என்று கேளுங்கள். கோட் இல்லையென்றால் அது கவுன்சிலிங்கில் இல்லை.

4. ரீல்ஸ் சொல்வதைச் சரிபார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

‘நாக் ஏ பிளஸ் பிளஸ்’ என்று பெரிதாகப் போடுவார்கள். நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரும் தரம் மொத்தக் கல்லூரிக்கானது. உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அது பிரிவு பிரிவாகத்தான் தரப்படும். மெக்கானிக்கலுக்கு இருக்கும், நேற்றுத் தொடங்கிய ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸுக்கு இருக்காது. என்பிஏ தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டால் எந்தப் பிரிவு, எந்த வருடம்வரை என்று வரும். காலாவதியாகியிருந்தால் அதுவும் தெரியும்.

‘என்ஐஆர்எஃப்’ (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) என்று மட்டும் எழுதி எண்ணை விட்டுவிடுவது இன்னொரு வேலை. தரவரிசைக்கு விண்ணப்பித்ததும் தரவரிசையில் வந்ததும் ஒன்றல்ல. ஆனால் விண்ணப்பித்ததில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. என்ஐஆர்எஃப்புக்குக் கொடுத்த தரவைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட்டு வைக்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் எங்கோ சின்னதாக இருக்கும் அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். அதில் பிளேஸ்மென்ட் அட்டவணை ஒன்று வரும்: எத்தனை பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (மீடியன்; பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே வாங்குவார்கள்) என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள்.

உதாரணத்துக்கு, சேர்ந்தவர்கள் 300, முடித்தவர்கள் 210, வேலை 120, இடைநிலைச் சம்பளம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே கல்லூரியின் ரீல்ஸில் ‘ஹையஸ்ட் பேக்கேஜ் 24 லட்சம்’ என்று ஓடும். பொய் இல்லை, யாரோ ஒருவர் வாங்கியிருப்பார். நமக்கு வேண்டிய எண் 3 லட்சம். சம்பளத்தைவிட நான் முதலில் பார்ப்பது 300க்கும் 210க்கும் நடுவில் காணாமல்போன 90 பேரை. அரியரோடு வெளியே வந்தவர்களைப் பற்றி எந்த ரீல்ஸும் பேசாது.

‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்றால் நூறு சதவீதம் யாரில் என்று கேளுங்கள். அரியர் இல்லாதவர்களில், பயிற்சிக் கட்டணம் கட்டியவர்களில், பெயர் கொடுத்தவர்களில் என்று வடிகட்டி வடிகட்டித்தான் அந்த நூறு வந்திருக்கும். இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி வேலை உறுதி, ‘நம்பர் ஒன்’ போன்ற உரிமைகோரல்களுக்கு ஆதாரம் இருக்க வேண்டும்; ரேங்க் சொன்னால் எங்கிருந்து, எப்போது என்றும் சொல்ல வேண்டும். ஆதாரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

லிங்க்ட்இனை மறந்துவிடாதீர்கள். இது இலவசம், ஏனோ பெற்றோர்கள் யாரும் பார்ப்பதில்லை. கல்லூரியின் பக்கத்துக்குப் போய் ‘அலும்னி’ பகுதியைத் திறந்தால் அங்கே படித்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கூட்டிக் காட்டும். வருடத்தையும் பிரிவையும் வைத்து வடிகட்டலாம். சிவில் படித்தவர்கள் எல்லாம் கால் சென்டரில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாரும் லிங்க்ட்இனில் இருக்க மாட்டார்கள் என்பதால் இது முழுக் கணக்கல்ல.

தேர்ச்சி விகிதத்துக்கு அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகள்வாரியாக வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கும்.

5. சீனியர்களிடம் பேசுவது

கல்லூரிப் பக்கத்தில் பேட்டி கொடுக்கும் மாணவரிடம் கேட்டுப் பயனில்லை. கல்லூரி நிகழ்ச்சிப் புகைப்படங்களுக்கு அடியில் கமென்ட் போட்டவர்கள், கேன்டீனையும் பஸ்ஸையும் வைத்து மீம் போடும் பக்கங்கள், இங்கேதான் உண்மையான மாணவர்கள் இருப்பார்கள். மீம் பக்கம் ஒன்றை முழுதாகப் பின்னோக்கிப் பார்த்தால் கல்லூரியின் குறை எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

மொட்டையாக “அண்ணா, காலேஜ் எப்படி?” என்று கேட்டால் “சூப்பர் ப்ரோ” என்றுதான் பதில் வரும். இப்படி அனுப்பச் சொல்லுங்கள்: “அண்ணா, நான் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கேன். உங்க காலேஜ்ல இசிஇ போடலாம்னு இருக்கேன். பஸ் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், ட்ரெயினிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் திருப்பிக் கேட்டா தர்றாங்களா?” இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கும் பதில் போதும்.

பெண் பிள்ளைகள் முன்பின் தெரியாத ‘சீனியர்’ கணக்கோடு பேசும்போது நம்பர் மாற்றிக்கொள்ள வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்க்கட்டும். ‘என் பேரைச் சொல்லிச் சேரு, ஃபீஸ் குறையும்’ என்று சொல்லும் சீனியருக்குக் கமிஷன் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர், பக்கத்துத் தெரு அண்ணன், ஏன் உறவினர்கூட ஏஜென்ட்டாக இருக்கக்கூடும்.

யூடியூபர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வீடியோவின் தொடக்கத்தில் பணம் வாங்கிய விளம்பரம் என்ற குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும், கல்லூரி வளாகத்துக்குள் போய் எடுத்த ‘ரிவ்யூ’வில் ஒரு குறைகூட இல்லையென்றால் அது விளம்பரம்தான்.

6. டிஎன்இஏ பதிவை உங்கள் கையால் செய்யுங்கள் (மே)

2025இல் பதிவு மே 7 முதல் ஜூன் 6 வரை நடந்தது. ஏறக்குறைய ஒரு மாதம். பதிவுக் கட்டணம் ரூ.500, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி மாணவர்களுக்கு ரூ.250. வேறு செலவு கிடையாது.

இந்த மாதத்தில் ‘எங்கள் கல்லூரியில் இலவச டிஎன்இஏ பதிவு’ என்று ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாக வரும். வண்டிகூட அனுப்புவார்கள். அங்கே என்ன நடக்கிறது? பதிவு செய்பவர் தன் போன் நம்பரையோ, தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டையோ போட்டுவிடுவார். ஜூலையில் சாய்ஸ் ஃபில்லிங் (கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசையில் போடுவது) வரும்போது உங்கள் கணக்கின் சாவி அவர் கையில் இருக்கும். முதல் சாய்ஸாக அவர் கல்லூரி ஏறிவிட்டால் அப்புறம் அழுது புரண்டாலும் ஒன்றும் ஆகாது. பிரவுசிங் சென்டரிலும் இதே கவனம் வேண்டும். உங்கள் நம்பர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் பாஸ்வேர்ட். வீட்டில் இணையம் இல்லையென்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் மாவட்டம்தோறும் வைத்திருக்கும் டிஎன்இஏ சேவை மையத்துக்குப் போங்கள். அது இலவசம்.

கட் ஆஃப் கணக்குக்கு எந்த ஆப்பும் வேண்டாம். கணிதம் நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 80 என்றால் 92 + 42 + 40 = 174. கடந்த வருடங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்தக் கட் ஆஃப் வரை போனது என்பதெல்லாம் டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது. அதைத்தான் ‘பிரீமியம் சாய்ஸ் லிஸ்ட்’ என்று டெலிகிராமில் காசுக்கு விற்கிறார்கள். தேதி நீட்டிப்பு என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தையும் தளத்தில் பார்த்த பிறகே நம்புங்கள்.

7. சான்றிதழ்கள்: இப்போதே தொடங்குங்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் அதற்கான உறுதிமொழியும். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அதற்கான சான்றைப் பள்ளியில் வாங்க வேண்டும்.

வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு ரூ.60. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறி வர வேண்டும். மே மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் இழுக்கும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். பழைய அட்டைச் சாதிச் சான்றிதழ் இருந்தாலும் இணையவழிச் சான்றிதழாக வாங்கி வைப்பது நல்லது. அப்பா பெயரின் எழுத்து ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இவற்றை ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ‘சீட் இருக்கான்னு பார்க்க மார்க் ஷீட் அனுப்புங்க’ என்று கேட்பவருக்கு எதையும் அனுப்பாதீர்கள். மார்க்கைச் சொன்னாலே போதும். மார்க் ஷீட் படத்தை ரிசல்ட் நாளில் ஸ்டேட்டஸ் வைப்பதையும் தவிருங்கள். பதிவெண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறது.

8. “இன்னைக்கே கட்டினா பிளாக் பண்ணிடலாம்”

ரிசல்ட் வந்த வாரத்தில் அப்பாவுக்கு வரும் அழைப்பு ஏறக்குறைய இப்படித்தான் போகும்: “ஐயா, வணக்கம். பாப்பாவுக்கு 174 கட் ஆஃப்தானே? கவுன்சிலிங்ல சிஎஸ்இ கிடைக்காதுங்கய்யா. எங்ககிட்ட மூணு சீட்தான் இருக்கு. இப்ப பத்தாயிரம் ஜிபே பண்ணிடுங்க, மீதி அப்புறம் பார்த்துக்கலாம்.”

இது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கவுன்சிலிங்குக்கு வெளியே கல்லூரியே நிரப்பும் சீட். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். 7.5இல் வருபவர்களுக்கு விடுதிச் செலவு உட்பட அரசே கட்டுகிறது. அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டினால் முதலில் போவது அந்தச் சலுகைதான். அதைப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டண வித்தியாசமும் சின்னதல்ல. 2017இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளுக்கு வைத்த ஆண்டுக் கட்டணம் கவுன்சிலிங் சீட்டுக்கு ரூ.50,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு ரூ.55,000, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முறையே ரூ.85,000, ரூ.87,000. நீங்கள் சேரும் வருடத்து ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்பது நன்கொடை. 1992ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது.

எந்தச் சூழ்நிலையிலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும். தனிநபர் யுபிஐக்கு வேண்டாம். கட்டணம் திருப்பும் விதியை எழுத்தில் கேளுங்கள். ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய கவுன்சிலின் விதிப்படி, அது அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இழுத்தடிப்பார்கள். அதனால்தான் ஒரிஜினலைக் கையிலேயே வையுங்கள் என்கிறேன்.

9. ஏதாவது தவறாகப் போனால்

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம். ‘உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கள்’ என்றால் வைத்துவிடுங்கள். பணம் வாங்க க்யூஆரும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஓயாத விளம்பர அழைப்புக்கு 1909. கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கூடவே ஏஐசிடிஇயின் இணையவழிப் புகார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும்: ரீல்ஸ், ஸ்டோரி, வாட்ஸ்அப் வாக்குறுதி எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

10. சீட் கிடைத்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஏற்றுச் சேர்கிறீர்களா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கிறீர்களா என்பதை வீட்டில் முதல்நாளே பேசி வையுங்கள். அந்த அவகாசத்தில் தெரியாத நம்பர்களிலிருந்து “வேற காலேஜ்ல பெட்டர் சீட் இருக்கு” என்று அழைப்பு வரும், எடுக்காதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையை நீங்களே தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, அதில் சொன்ன தேதிக்குள் கல்லூரியில் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி, முத்திரை வைத்த ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் நகலின் மேலேயே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.